வீடு போனால் பெட்டியும் போக வேண்டுமா?

நம்மவர் வாயில் அடிக்கடி வழங்கும் சொல் ஒன்றுண்டு. வேலை நின்று தோட்டத்து வீட்டை விட்டவனைக் கேட்டாலும், வாடகை பாக்கியால் பட்டணத்து அறையினின்று வெளியேற்றப்பட்டவனைக் கேட்டாலும், பாங்கிக் கடன் அடைபடாமல் வீடு ஏலத்திற் போனவனைக் கேட்டாலும், மூவரும் ஒரே விடையைத்தான் பகர்வர்: “எல்லாம் போய்விட்டது.” வீடு போய்விட்டது என்று அவர்கள் சொல்வதில்லை, எல்லாம் போய்விட்டது என்றே சொல்கின்றனர். அந்த “எல்லாம்” என்ற ஒரு சொல்லின்மேல்தான் நமக்கு வழக்கு. வீடு போயிருக்கலாம், சட்டப்படியே போயிருக்கவும் கூடும். ஆனால் “எல்லாம்” எப்படிப் போயிற்று? யார் கொண்டுபோனார்? எந்த உரிமையால் கொண்டுபோனார்? இக்கேள்விகளை நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

வீட்டின்மேல் உள்ள உரிமை ஒன்று; வீட்டினுள் இருக்கும் பொருளின்மேல் உள்ள உரிமை மற்றொன்று. முன்னது கைமாறினால் பின்னதும் தானே கைமாறும் என்று எந்த அறமும் சொல்லவில்லை. எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்வதெல்லாம் வழக்கம். அதுவும் வலுத்தவன் உண்டாக்கி, மெலிந்தவன் வாய்மூடி ஒப்புக்கொண்ட வழக்கம். வீட்டை மீட்க வந்தவர், உள்ளிருக்கும் தையல் இயந்திரத்தையும், பாத்திரம் பண்டங்களையும், குழந்தையின் பள்ளிப் புத்தகத்தையும், கட்டிலடியில் கிடக்கும் தகரப் பெட்டியையும் தெருவில் எறிவதும், உள்ளே வைத்துப் பூட்டுவதும், லாரியில் ஏற்றி விற்றுவிடுவதும் அவ்வழக்கத்தின் பெயராலேயே நடைபெறுகின்றன. அவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே நமது கட்சி.

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரைக் கொண்டுவந்த முறை 1910-ஆம் ஆண்டில் ஒழிந்தது. கங்காணி வழியாக ஆள்கட்டும் முறை, இந்திய சர்க்கார் விதித்த தடையால் 1938-ஆம் ஆண்டில் நின்றது. ஆனால் அவ்விரண்டும் விட்டுச்சென்ற ஒரு வித்து அழியவில்லை. வேலை எவனுடையதோ வீடும் அவனுடையது என்பதே அவ்வித்து. லயத்து வீடு கூலியோடு சேர்ந்த ஒன்றாகக் கொடுக்கப்பட்டது. பெரட்டில் பேர் உள்ளவரை வீடு. பேர் அடிபட்ட நாளில் வீடு இல்லை. பாட்டன் பால் வெட்டிய மரத்துக்குப் பக்கத்தில் பேரன் மறுநடவு செய்த கன்றை வெட்டுவான். மூன்று தலைமுறை அதே கூரையின் கீழ்ப் பிறந்து, மணந்து, மாண்டிருக்கும். ஆயினும் ஒரு சாண் மண்ணும் அவர்களுடையதாகாது.

பின்னும் பாருங்கள். 1948-ல் தொடங்கிய அவசரகாலத்தில், 1950-ஆம் ஆண்டு பிரிக்ஸ் துரை வகுத்த திட்டப்படி ஏறக்குறைய 5 இலட்சம் மக்கள் தம் குடிசைகளினின்று பெயர்க்கப்பட்டு முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் வைக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் சீனர். தோட்டத் தொழிலாளரும் ஆங்காங்கே வேலிக்குள் திரட்டப்பட்டனர். லாரியில் ஏறியது எதுவோ அதுவே மிஞ்சியது. அடுத்து, 1950-களிலும் 1960-களிலும் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். துண்டாடப்பட்ட தோட்டத்தில் வேலை போயிற்று. வேலையோடு வீடும் போயிற்று. அந்நாளில்தான், 1960-ஆம் ஆண்டில், சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தாங்களே தோட்டம் வாங்க முற்பட்டனர். அம்முயற்சியை நாம் போற்றுகிறோம். எனினும் அது எல்லாத் தோட்டங்களையும் காக்கவில்லை, காத்திருக்கவும் இயலாது.

இவ்வரலாறு நம்மவருக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. வீட்டை நம்பாதே; சுமக்கக்கூடியதை மட்டும் சேர்த்து வை என்பதே அப்பாடம். ஆகவே, நம் குடும்பங்களிற் பலவற்றின் சொத்து நிலமன்று. தூக்கிச் செல்லக்கூடிய பொருளே. நிலமுடையவனுக்குச் சாமான் போனால் சாமான் மட்டுமே போயிற்று. நிலமில்லாதவனுக்குச் சாமான் போனால் சொத்து முழுவதும் போயிற்று. இவ்வேற்றுமையை உணராதவரே “கேவலம் தட்டுமுட்டுச் சாமான்” என்று உதட்டைப் பிதுக்குகின்றனர். அந்தத் தட்டுமுட்டுச் சாமான்தான் ஒருத்தி முப்பது ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த செல்வம் என்பதை அவர்கள் அறிவாரா?

இனிச் சட்டம் யாது சொல்கிறதென்று காண்போம். சட்டம் என்றாலே வக்கீலின் பெட்டிக்குள் இருக்கும் ஒன்றெனக் கருதி நம்மவர் ஒதுங்குகின்றனர். அது தவறு. நம்மை வெளியேற்ற வருபவன் சட்டத்தைப் பேசியே வருகிறான்; அவன் பேசாமல் விடும் பாதியை நாம் அறிந்திருத்தல் வேண்டும். மலேசியாவில் வீடு கைவிட்டுப் போகும் வாயில்கள் பெரும்பாலும் மூன்று. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது வாடகை வீடு. வாடகைக் காலம் முடிந்த பின்னும் குடியிருப்பவன் வெளியேறவில்லையாயின், வீட்டுக்காரர் கோர்ட்டு நடவடிக்கை மூலமேயன்றி வேறு வழியால் வீட்டை மீட்டல் ஆகாது. 1950-ஆம் ஆண்டின் தனிநிவாரணச் சட்டம் தன் 7-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பூட்டை மாற்றுவதும், மின்சாரத்தைத் துண்டித்து வெளியேற்றுவதும், ஆள் வைத்துச் சாமானை வெளியே எறிவதும் அச்சட்டம் காட்டிய வழியல்ல. வாடகை பாக்கிக்காகச் சாமானைப் பிடிக்க வேண்டுமாயின், அதற்கு 1951-ஆம் ஆண்டின் வாடகை ஜப்திச் சட்டம் இருக்கிறது. அதன்படியும் வீட்டுக்காரர் தாமே கைவைத்தல் கூடாது. கோர்ட்டில் வாரண்டு பெற்று, பெயிலிப் என்று வழங்கும் அமீனா வந்தே பிடிக்க வேண்டும். அதுவும் 12 மாத வாடகைக்கு மேற்பட்ட பாக்கிக்கு ஆகாது. அப்பொழுதும் குடியிருப்பவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் வேண்டிய உடையும் படுக்கையும் தொடப்படுதல் இல்லை. ஒருவன் கையில் வைத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கருவியைப் பறித்தலும் இல்லை. அவ்வீட்டில் தங்கிய பிறருடைய பொருள் சிக்கிக்கொண்டால், உரியவர் கோர்ட்டில் விண்ணப்பித்து விடுவிக்க வழியுண்டு. சட்டம் வகுத்த எல்லை இது. ஆனால் வழக்கத்தில் நடப்பது என்ன? பாக்கி எவ்வளவு என்ற கணக்குமில்லை, வாரண்டுமில்லை. குடியிருந்தவன் வேலைக்குப் போன நேரத்தில் புதுப்பூட்டுத் தொங்குகிறது.

இரண்டாவது பாங்கிக் கடனில் வாங்கிய வீடு. கடன் தவணை தவறினால், 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி முதலில் அறிவிப்பு வரும். பின்னர் பட்டாவின் வகைக்கேற்ப உயர்நீதிமன்றமோ நில நிர்வாகியோ விசாரித்து விற்பனைக் கட்டளை இடுவர். அதன்பின்னரே ஏலம். ஈடு வைக்கப்பட்டது நிலம். நிலம் என்பதில் மண்ணோடு ஒட்டியவையும், ஒட்டியவற்றோடு நிலையாகப் பிணைக்கப்பட்டவையும் அடங்கும் என்று அச்சட்டமே பொருள் கூறுகிறது. ஆகவே சுவரும் கதவும் சுவரிற் பதித்த இரும்புக் கம்பியும் வீட்டோடு போகும். அலமாரியும், கட்டிலும், சலவை இயந்திரமும், தையல் இயந்திரமும் எந்தப் பாங்கியிடமும் ஈடு வைக்கப்படவில்லை; ஏலத்தில் எடுத்தவர் அவற்றை விலைக்கு வாங்கவுமில்லை. “இருந்தபடியே” விற்கப்படுகிறது என்று ஏல அறிவிப்பில் எழுதி, உள்ளே இருப்போரைக் காலி செய்விக்கும் பொறுப்பை வாங்குவோர் தலையிற் சுமத்துவது வழக்கம். வாங்கியவரோ “இருந்தபடியே” என்ற சொல்லுக்கு “இருந்ததெல்லாம் எனக்கே” என்று பொருள் பண்ணிக்கொள்கிறார். என்னே அவரது மொழிப்புலமை!

மூன்றாவது தோட்டத்து வீடு. இங்கே வாடகைச் சீட்டு இல்லை, பட்டா இல்லை. வேலை முடிந்த தொழிலாளிக்கு அவ்விடத்தில் எத்தகைய உரிமை எஞ்சுகிறது, நெடுநாள் உழைத்தவனுக்கு மாற்று வீடு தரும் கடமை நிர்வாகத்துக்கு உண்டா என்பன பற்றிச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் வாதங்கள் பல நடந்துள்ளன, இனியும் நடக்கும். இடத்தின் உரிமை பற்றி வாதம் இருக்கலாம். பெட்டியின் உரிமை பற்றி வாதமே இல்லை. அது தொழிலாளியுடையது. 1990-ஆம் ஆண்டில் தொழிலாளர் குடியிருப்புத் தரச் சட்டம் வந்து, தோட்டத்து வீடு எப்படியிருத்தல் வேண்டும், தண்ணீரும் கழிப்பிடமும் எவ்வாறிருத்தல் வேண்டும் என்று வகுத்தது. குடிவைக்கும் போது இத்துணைக் கவலை உண்டாயின், குடிபெயர்க்கும் நாளில் அந்தக் குடும்பத்தின் உடைமை பற்றியும் கவலை வேண்டாவா? மனிதன் உள்ளே வரும்போது தொழிலாளி. வெளியே போகும்போது குப்பையா?

இம்மூன்றுக்கும் பொதுவான ஒரு விதியும் உண்டு. தன் இடத்தில் சிக்கிக்கொண்ட பிறன் பொருளை, உரியவனுக்கு அறிவித்து எடுத்துச்செல்ல நியாயமான வாய்ப்பளியாமல், வேண்டுமென்றே விற்பதும் அழிப்பதும் உரிமைப் பறிப்பாகும். அதற்கு நட்டஈடு கேட்கலாம். ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் இவ்வடிப்படையை மலேசிய நீதிமன்றங்களும் சிங்கப்பூர் நீதிமன்றங்களும் ஏற்றே நடக்கின்றன.

ஈண்டு ஒரு பழைய தீர்ப்பை நினைவூட்டுவது பொருந்தும். 1953-ஆம் ஆண்டு மலாயா நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. கம்பங்களின்மேல் நிற்கும் மலாய் மரவீடு நிலத்தோடு சேர்ந்ததா, அல்லது தனிப்பொருளா என்பது கேள்வி. இந்நாட்டு வழக்கப்படி அத்தகைய வீடு பெயர்த்தெடுத்துச் செல்லக்கூடியது. ஆகவே அது நிலத்தினின்று வேறான அசையும் பொருளே என்று தீர்ப்பாயிற்று. வீட்டையே பெட்டிபோல் அசையும் பொருளாகக் கண்டு, அதன் உடையவனுக்குரியது என்று நீதி சொன்ன நாடு இது. இந்நாட்டில் பெட்டியை வீட்டோடு ஒட்டியதாகக் கண்டு விழுங்குவது என்ன நியாயம்?

எதிர்க்கட்சியார் கூறும் சமாதானங்களையும் எடுத்து ஆராய்வோம்.

“அவன் தானே விட்டுப்போனான், விட்டுப்போனதை எடுத்தால் குற்றமா?” என்பர் சிலர். விட்டுப்போதல் வேறு, விட்டெறிதல் வேறு. இனி எனக்கு இது வேண்டாம் என்று மனமறிய ஒதுக்கினால்தான் அது விட்டெறிதல். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கெஞ்சுபவன் விட்டெறிந்தவனா? லாரிக்குக் கூலி கொடுக்க வழியின்றி, நாளை வருகிறேன் என்று சொல்லிப் போனவன் விட்டெறிந்தவனா? மருத்துவமனையில் கிடப்பவன் விட்டெறிந்தவனா?

“அதெல்லாம் பழஞ்சாமான், விலை பெறாது” என்பர் வேறு சிலர். விலை பெறாத பொருளாயின் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது ஏன்? பழைய இரும்புக்காரனை முன்கூட்டியே வரவழைத்தது ஏன்? வாங்குபவனுக்கு விலையில்லாதது, இழந்தவனுக்கு மீண்டும் வாங்க முடியாததாக இருக்கும். ஒரு பழைய அடுப்பை விற்றால் சில வெள்ளி கிடைக்கலாம். புதிய அடுப்பு வாங்க அக்குடும்பத்துக்கு அரைமாதக் கூலி வேண்டும்.

“கடன்பட்டவனுக்கு மானம் ஏது, உரிமை ஏது?” என்று கேட்பாரும் உளர். இவர்களுக்குச் சட்டமே விடை கூறுகிறது. கடனில் முழுகி முறிந்தவன் என்று கோர்ட்டு அறிவித்தவனிடத்திலும்கூட, அவன் தொழிற்கருவியையும், அவனும் மனைவி மக்களும் உடுக்கும் உடையையும் படுக்கையையும் ஓர் அளவுவரை விட்டுவைக்க வேண்டும் என்று 1967-ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டம் கூறுகிறது. முற்றும் முறிந்தவனுக்கே அவ்வளவு உரிமை உண்டாயின், இரண்டு மாத வாடகை தவறியவனுக்கு இல்லையா?

இத்துணையும் பொருளைப் பற்றிய பேச்சு. பொருளினும் பெரிதொன்று அத்தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. அதுதான் காகிதம். பிறப்புப் பத்திரம், தாய் தந்தையரின் திருமணப் பதிவுச் சான்று, தகப்பனாரின் பழைய அடையாளக் கார்டு, பள்ளிச் சான்றிதழ், ஊழியர் சேமநிதிப் பத்திரம், நகை அடகு வைத்த சீட்டு ஆகிய யாவும் ஒரே பெட்டியில். நம் வீடுகளில் இவற்றுக்கென்று தனி இடம் ஏது? சேலைக்கடியில், மஞ்சள் துணியில் முடிந்து கிடக்கும்.

நம்மவருக்கு இக்காகிதத்தின் விலை பிறரினும் பெரிது. மலாயாவில் அடையாளக் கார்டு 1948-ஆம் ஆண்டில் வந்தது. 1957-ல் சுதந்திரம் வந்தபோது இந்நாட்டிற் பிறந்த குழந்தைக்குப் பிறப்பே குடியுரிமை தந்தது. 1962-க்குப் பின் பிறந்தோர்க்கு அவ்வாறன்று; இம்மண்ணிற் பிறந்தமை மட்டும் போதாது, பெற்றோரின் நிலையையும் காட்டுதல் வேண்டும். 1982-ஆம் ஆண்டு முதல் முஸ்லிமல்லாதார் திருமணமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதிவில்லாத திருமணத்திற் பிறந்த குழந்தைக்குத் தகப்பன் குடிமகனாயிருந்தும் பயனில்லை. தாயின் நிலையே கேட்கப்படுகிறது. ஆகவே தாத்தாவின் சிவப்புக் கார்டும், அம்மாவின் பிறப்புப் பத்திரமும், இருவர் திருமணச் சான்றும் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட வாசற்கதவைத் திறக்கும் சாவிகள். அச்சாவிகள் தெருவிலெறிந்த பெட்டியில் மழை நீரில் ஊறி, குப்பை லாரியில் ஏறிப் போனால், அக்குழந்தை தன் பிறந்த நாட்டிலேயே அயலானாகிறது. பத்திரமின்றித் தவிக்கும் இந்தியரைப் பதிவு செய்ய 2011-ஆம் ஆண்டில் சர்க்கார் “மைடாப்தார்” என்ற இயக்கமே நடத்த வேண்டியதாயிற்று என்றால், நோயின் அளவை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அத்தவிப்புக்குக் காரணங்கள் பல. பெயர்க்கப்பட்ட வீடும் சிதறிய பெட்டியும் அக்காரணங்களுள் அடங்கா என்று யார் துணிந்து சொல்வர்?

பிறரைக் குறை கூறியது போதும். இனி நம்மையே நோக்குவோம். “எரிகிற வீட்டில் பிடுங்கினது இலாபம்” என்பது நம் மொழியில் வழங்கும் பழமொழி. அது நம்மைப் பார்த்து வெட்கப்படச் சொன்னதே ஒழிய, வழிகாட்டச் சொன்னதன்று. வெளியேற்றப்பட்ட வீட்டு வாசலில் கூட்டம் கூடுகிறது. கூட்டத்தில் பாதி வேடிக்கை பார்க்கிறது. மறுபாதி விலை பேசுகிறது. நேற்றுவரை “அக்கா, கொஞ்சம் சீனி” என்று கேட்ட அடுத்த வீட்டார், இன்று அந்த அக்காவின் மிக்ஸியைப் பத்து வெள்ளிக்கு வாங்கிச் செல்கின்றனர். வாங்குபவன் இருப்பதனால்தான் விற்பவன் துணிகிறான். உரிமையில்லாதவனிடம் வாங்கிய பொருளில் வாங்கியவனுக்கும் பொதுவாக உரிமை பிறப்பதில்லை என்பதை இவர்கள் அறிதல் நன்று. அதனினும் முன்னதாக, அண்டை வீட்டு அழுகையில் மலிவு காண்பவன் மனிதனாவானா என்று தம் நெஞ்சைக் கேட்டல் நன்று.

மற்றொரு கேடு நம் வெட்கம். அறிவிப்புக் கடிதம் வருகிறது, மறைத்து வைக்கிறோம். இரண்டாம் கடிதம் வருகிறது, மனைவிக்கும் சொல்வதில்லை. கடைசியில் ஓர் இரவு, நாலு பேர் அறியாமல், கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு புறப்படுகிறோம். மறுநாள் வீட்டுக்காரர் “ஓடிப்போய்விட்டான்” என்கிறார்; ஊரும் தலையாட்டுகிறது. அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் இடையே மாதக்கணக்கில் நாள் கிடைத்திருந்தும் ஒரு பெட்டியும் வெளியேறவில்லை. கடன்படுதல் இழிவன்று, வேலை போதலும் இழிவன்று. வீட்டுப் பெண்களுக்குச் சொல்லாமல் மறைத்து, அவர்கள் சேர்த்ததை அவர்களே அறியாமல் இழக்கச் செய்தலே இழிவு. ஆண்மை என்று நாம் நினைத்த அந்த மௌனத்தின் விலையை, அடுப்படியில் நிற்பவள் அன்றோ கட்டுகிறாள்?

மூன்றாவது கேடு விதி என்னும் பேச்சு. வீடு போனது தலையெழுத்தாம். சாமான் போனது கிரகக் கோளாறாம். பூட்டை மாற்றியது எந்தக் கிரகம்? லாரி ஓட்டி வந்தது எந்த நட்சத்திரம்? கை வைத்தவனுக்குப் பேர் உண்டு, முகவரி உண்டு. அவனை விட்டுவிட்டு ஆகாயத்தைப் பார்ப்பது அவனுக்கு நாம் செய்யும் உபகாரமே.

ஆயின் செய்ய வேண்டுவது யாது? அறிவிப்புக் கடிதம் வந்த அன்றே அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அன்றே பத்திரங்களை எல்லாம் ஒரு பையிலிட்டு, நம்பத்தக்க உறவினர் வீட்டில் சேருங்கள். வீடு போகாமலே போனாலும் அதனால் நட்டமில்லை. வீட்டிலுள்ள சாமான்களுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். கைப்பேசியில் ஒவ்வொன்றையும் படமெடுத்து வேறொருவருக்கும் அனுப்பி வையுங்கள். பெயிலிப் வந்தால் வாரண்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எடுத்தவற்றின் பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள். வாரண்டின்றி வந்தவரை அடிக்கவும் வேண்டாம், வசை பாடவும் வேண்டாம். சாட்சி வைத்துக்கொண்டு, போலீஸ் நிலையத்தில் புகார் எழுதுங்கள். படிக்காத காகிதத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். “சாமான் எதுவும் பாக்கியில்லை” என்ற ஒரு வரியில் எத்தனையோ பேர் தம் உரிமையைத் தாமே அழித்திருக்கின்றனர்.

பொருள் உள்ளே சிக்கிவிட்டதா? இன்ன நாளில் வந்து எடுத்துக்கொள்கிறோம், அதுவரை விற்கவோ அழிக்கவோ வேண்டாம் என்று எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும், எழுத்து நிற்கும். பொருள் விற்கப்பட்டுவிட்டால் நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டு அவகாசம் உண்டு. எதிராளி அரசாங்க அதிகார மன்றமாயின் அவகாசம் 36 மாதமே. சிறு தொகைக்கு மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில், வக்கீல் இன்றித் தாமே கோரும் முறையும் இருக்கிறது. பிறப்புப் பத்திரம் தொலைந்தால் அழுதுகொண்டிராமல் தேசியப் பதிவு இலாகாவுக்குச் சென்று நகல் கேளுங்கள். அடகுச் சீட்டுத் தொலைந்தால் தவணை கடக்குமுன் அடகுக்கடைக்குச் சென்று தெரிவியுங்கள். நாள் தப்பினால் நகையும் தப்பும்.

தனி மனிதன் செய்ய வேண்டுவது இது. ஊர் செய்ய வேண்டுவதும் உண்டு. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மண்டபம் இருக்கிறது. பட்டணத்துச் சங்கங்களுக்கும் கட்டடங்கள் இருக்கின்றன. ஆண்டில் சில நாள் விழாவுக்குத் திறந்து, மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் அவ்விடங்களின் ஒரு மூலையை, வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் சாமானுக்கு ஒரு மாதம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நாலு இளைஞரும் ஒரு லாரியும் இருந்தால் ஒரு குடும்பத்தின் முப்பதாண்டுச் சேமிப்பு மழைக்குத் தப்பும். மாலை மரியாதைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கு இதற்குப் போதும். தொழிற்சங்கங்கள் கூலி உயர்வைப் பேசுவது போலவே, வேலை முடிந்து வீடு விடும் தொழிலாளியின் உடைமைக்கு அவகாசமும் வண்டிச் செலவும் வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் பேச வேண்டும்.

சர்க்காரிடமும் நமக்குக் கோரிக்கை உண்டு. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச்சட்டம் வேண்டும் என்ற பேச்சு இந்நாட்டில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. அச்சட்டம் வரும்போது, வெளியேற்றப்பட்டவனின் பொருளுக்கென்று ஒரு பகுதி அதில் இருத்தல் வேண்டும். பட்டியலின்றிப் பொருளைத் தொடக்கூடாது. எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். குறித்த நாள்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். விற்றால் செலவு போக மீதியை உரியவனிடம் சேர்க்க வேண்டும். பத்திரங்களையும், பள்ளிப் புத்தகங்களையும், மருந்தையும், தொழிற்கருவியையும் எந்நாளும் பிடிக்கக்கூடாது. இவை நாம் கனவில் கண்டவையல்ல. நமக்குச் சட்டம் எழுதிக்கொடுத்த இங்கிலாந்திலேயே, 1977-ஆம் ஆண்டின் சட்டமொன்று, தன்னிடம் தங்கிவிட்ட பிறன் பொருளை விற்க விரும்புபவன் உரியவனுக்கு அறிவிப்புத் தர வேண்டும், விற்ற தொகைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று விதித்துள்ளது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், கோர்ட்டு அதிகாரி வெளியேற்றிய பின்னும் 72 மணி நேரம் வீட்டுக்காரர் அப்பொருளை விற்கவோ எறியவோ கூடாது. வந்து எடுத்துச்செல்ல இடங்கொடுக்க வேண்டும். அங்கே முடிவது இங்கே முடியாதா?

2009-ஆம் ஆண்டு செப்டம்பரில் பினாங்கின் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டபோது, நாடெங்கும் நம்மவர் பேசினர், எழுதினர், கண்ணீரும் விட்டனர். பெரிதும் பேசப்பட்டவை நிலமும் இழப்பீடும். பேசியது சரியே. ஆனால் நிலத்துக்காகப் போராடும் கூட்டம் ஆண்டில் ஒரு முறை கூடுகிறது. பெட்டி இழக்கும் குடும்பமோ எந்த ஆரவாரமுமின்றி, ஏதேனும் ஒரு சந்தில், ஏதேனும் ஒரு லயத்தில், எந்த நாளிலும் இருக்கக்கூடும். அதற்குக் கொடியில்லை, கூட்டமில்லை, நாளேட்டில் படமில்லை. “ஏழை சொல் அம்பலம் ஏறாது” என்று சொல்லி அவர்கள் நடந்துவிடுகின்றனர்.

தோழர்களே! ஏழை சொல் அம்பலம் ஏறாததற்குக் காரணம், ஏழை அதை எழுத்தில் வைக்காததும், பக்கத்து வீட்டான் சாட்சிக்கு வராததுமே. வீட்டைக் கேட்டு வருபவன் கட்டளை காட்டினால் வீட்டைக் கொடுப்போம். வேறு வழியில்லையாயின் நிமிர்ந்து நடந்தே வெளியேறுவோம். ஆனால் வீட்டின் சாவியைக் கொடுக்கும்போது, வாசற்படியில் நின்று ஒரு சொல் சொல்லிவிட்டே கொடுப்போம்: “சுவர் உம்முடையது, பெட்டி எம்முடையது.”